தொட்டிலில் ஆடிய திருப்பங்காட்டி

சகாயராணியைச் செம்பூர் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வீட்டில் கூடியிருந்தவர்கள் அவள் வைத்த மீன்குழம்பைப் பற்றிப் பேசினார்கள். கோயிலில் அவள் பாடிய பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அவள் பார்த்த வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச ஆளில்லை. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். ஆகவே அது இங்கே எழுதப்படுகிறது.

1969இல் அவளுக்கு இருபத்தாறு வயது. தாராவியில் ஒற்றை அறை வீடு. கணவன் தாவீது டாக்சி ஓட்டினான். கைக்குழந்தை ஒன்று. அவள் வேலை செய்த இடம் செம்பூரில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. சிறிய விமானங்களில் விமானிக்கு முன்னால் இருக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது அங்கே தொழில். அதற்கு முன் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடிகாரக் கடையில் சக்கரங்களைக் கழுவித் துடைத்துப் போடும் வேலை செய்தாள். அந்தக் கடைக்கு வந்த பட்டறைப் பொறியாளர் கோமதிநாயகம் அவள் விரல்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கிட்ட வாரியாம்மா?" என்று கேட்டார். போனாள். பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண். ஒரு வருடம் பார்ப்போம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் அந்த ஜூலையோடு முடிகிறது.

மேஜைக்கு மேஸ்திரி நஜிமுதீன், காயல்பட்டினத்துக்காரர். அவருக்கு ஒரே சட்டம்: வந்த சாமான் வளைந்திருந்தால் முதலில் நேராக்கு, காரணத்தை அப்புறம் கேள். அது முட்டாள்தனமான சட்டம் இல்லை. வெளிநாட்டிலிருந்து புதுக் கருவி வருவது குதிரைக்கொம்பு. அவர்கள் மேஜைக்கு வந்ததெல்லாம் பழைய போர்விமானங்களிலிருந்து கழற்றியது, கப்பலில் நசுங்கியது, யாரோ கீழே போட்டது. கோணலை நிமிர்த்தி நிமிர்த்தியே அந்தப் பட்டறை பெயர் வாங்கியிருந்தது.

சகாயராணியின் கைக்கு வந்தவை திருப்பங்காட்டிகள். மேகத்துக்குள் போன விமானிக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது. விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கு நேராகப் போவதுபோலவே இருக்கும். அந்த நேரத்தில் அவன் தன் உடம்பை நம்பக் கூடாது, இந்தக் கருவியைத்தான் நம்ப வேண்டும். உள்ளே ஒரு சிறு சக்கரம் வேகமாகச் சுழலும். விமானம் திரும்பினால், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் சட்டம் ஒரு சுருள்கம்பியை எதிர்த்துச் சாயும். அந்தச் சாய்வு முகப்பில் ஒரு முள்ளை இடமோ வலமோ தள்ளும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு தூரம் முள் போகும். அடியில் வளைந்த கண்ணாடிக் குழாய். அதற்குள் எண்ணெயில் மிதந்தாற்போல ஒரு கறுப்புக் குண்டு. திருப்பம் ஒழுங்காக இருந்தால் குண்டு நடுவில் நிற்கும்.

இது பழைய வகை. அந்த வருடம் புது வகை ஒன்று வந்தது. முள்ளுக்குப் பதில், பின்னாலிருந்து பார்த்த மாதிரி ஒரு குட்டி விமானப் படம். இடப்பக்கம் திரும்பினால் அது இட இறக்கையைத் தாழ்த்தும். ஒரு ஆலை முதலாளியின் சொந்த விமானத்துக்காக இரண்டு கருவிகளை வரவழைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் மலைக்கு மேலே மேகத்தில் போகும்போது இதுதான் வேண்டும், பழையதைவிட இது முந்திச் சொல்லுமாம் என்று அவருடைய விமானி பிடிவாதம் பிடித்திருந்தான். கருவிகள் வந்தன. கூட வர வேண்டிய விளக்கப் புத்தகம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

முதல் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. சகாயராணி கருவியைத் திறந்தாள். சக்கரத்தின் சட்டம் மட்டமாக இல்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது.

"பாத்தியா? போட்டு உடைச்சிருக்கான்," என்றார் நஜிமுதீன். "ஆப்பு வெட்டி மட்டமாக்கு, மகளே."

பித்தளையில் இரண்டு ஆப்பு வெட்டி, அரத்தில் ராவி, சட்டத்துக்கு அடியில் கொடுத்து நீர்மட்டம் பார்த்தாள். சுற்றுமேஜையில் ஏற்றினாள். அது கருவியைக் கிடையாக வைத்து ஒரே வேகத்தில் சுற்றும் தட்டு. எல்லாத் திருப்பங்காட்டிக்கும் அதில்தான் பரீட்சை. குட்டி விமானம் முகப்பில் இருந்த அளவுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்தது. சுருள்கம்பியை ஒரு பொடி இறுக்கினாள். சரியாகக் கோட்டில் நின்றது. புதுக் கம்பிக்கு ஏன் இறுக்கம் வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த வேலை காத்திருந்தது. கோமதிநாயகம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கருவி ஜுஹு விமானத் தளத்துக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை இரண்டாவது பெட்டியைப் பிரித்தாள். பெட்டியில் ஒரு கீறல் கிடையாது. உள்ளே சட்டம் சாய்ந்து நின்றது. அதே பக்கம், அதே அளவு.

அவள் கை நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் நஜிமுதீன்.

"இதுவும் சாஞ்சிருக்கு பாய்."

"அப்ப இன்னும் ரெண்டு ஆப்பு வெட்டு."

"ரெண்டு பெட்டியும் வேற வேற கப்பல்ல வந்தது. ஒண்ணுபோல வளையுமா?"

"செஞ்சவன் கை வளைஞ்சிருக்கும். அரே, வெட்டும்மா, நேரமாச்சு."

அவள் வெட்டவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஆணித்துளைகளே சாய்வாகத்தான் துளைத்திருந்தன. பெயிண்டில் விரிசல் இல்லை. இது வளைந்தது இல்லை, இப்படியே செய்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. சும்மா ஒரு வசதிக்காகச் சாய்த்திருந்தால் அவள் வைத்த ஆப்பால் கெடுதல் இல்லை. காரணத்தோடு சாய்த்திருந்தால், அவள் நிமிர்த்தியது பழுதை அல்ல, கருவியின் உயிரை. அந்தக் கருவியை நம்பி ஒருவன் திங்கட்கிழமை காலை மேகத்துக்குள் பூனாவுக்குப் பறக்கப் போகிறான்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. சுற்றுமேஜையில் அது தேறிவிட்டது. எத்தனை தடவை ஏற்றினாலும் தேறும். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகிவிடும்.

"பாய், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஓடவிட்டுப் பாக்கேன். பழைய முள்ளு வச்ச கருவி ஒண்ணும் தாங்க, ஒத்துப்பாக்க," என்றாள். அது வழக்கம்தான். பட்டறையில் பாட்டரி ஒன்றே ஒன்று. புது பேரிங் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தாவீதின் டாக்சி பாட்டரியில் கருவிகளை ஓடவிடுவாள்.

"ஓட்டு, ஓட்டு. அப்படியே பிளேனையும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ," என்றார் நஜிமுதீன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் தாவீது பாட்டரியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தான். அவள் இரண்டு கருவிகளையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினாள். ஒயரைக் கொடுத்ததும் இரண்டும் கொசுக்கூட்டம் மாதிரி இரையத் தொடங்கின. பலகையைத் தரையில் வைத்து மெல்லத் திருப்பினாள். முள்ளும் சாய்ந்தது, குட்டி விமானமும் சாய்ந்தது. வித்தியாசம் இல்லை. மறுபக்கம் திருப்பினாள். அதேதான்.

"ரெண்டும் ஒண்ணுதான? பொறவு என்ன?" என்றான் தாவீது.

"தரையில ஒண்ணுதான். பிளேனு தரையிலயா போவுது?"

நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் சேலைத் தொட்டில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு குழந்தையை எடுத்துப் பாயில் போட்டுவிட்டு, பலகையைத் தொட்டிலில் வைத்தாள். குழந்தை விழித்து வீறிட்டது. பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஏ தாவீது, இங்க வந்து பாரு உன் பொண்டாட்டிய! பெத்த புள்ளையத் தரையில போட்டுட்டு டப்பாவத் தொட்டில்ல போட்டு ஆட்டுதா!"

"டப்பாவும் அழுவுதுல்லா மயினி, கேக்கலையா?" என்றான் தாவீது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

சகாயராணி முதலில் தொட்டிலைக் கொஞ்சம் முறுக்கி மெல்ல அவிழவிட்டாள். தொட்டில் இருந்த இடத்திலேயே சுழன்றது. முள்ளும் குட்டி விமானமும் சேர்ந்தே சாய்ந்தன. அது திருப்பம். பிறகு தொட்டிலை நிறுத்தி, பிள்ளையை ஆட்டுவதுபோல இடமும் வலமுமாக ஆட்டினாள்.

முள் கம்பம்போல நின்றது. குட்டி விமானம் இட இறக்கையைத் தாழ்த்தியது, வல இறக்கையைத் தாழ்த்தியது, மறுபடி இடம். தொட்டிலோடு கூடவே ஆடியது. கறுப்புக் குண்டு இரண்டிலும் நடுவை விட்டு அசையவில்லை.

அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். சட்டத்தைச் சாய்த்தது இதற்குத்தான். பழையதற்குத் திருப்பம் மட்டுமே தெரியும். புதியதற்குச் சரிவதும் தெரியும். விமானம் திரும்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் சரிகிறது. முள் திருப்பத்துக்காகக் காத்திருக்கிறது, இது சரியத் தொடங்கியதுமே சொல்லிவிடுகிறது. அவள் ஆப்பு வைத்த கருவி சொல்லாது. முகத்தில் குட்டி விமானம் இருக்கும், உள்ளே பழைய முள்தான். முந்திச் சொல்லும் என்று நம்பியவன் மேகத்தில் சரிந்துகொண்டிருப்பான். படம் மட்டமாக நிற்கும்.

இன்னொன்றும் செய்தாள். பலகையைக் கையால் ஒரு பக்கம் சாய்த்து அப்படியே பிடித்தாள். சாயும்போது குட்டி விமானம் இறக்கையைத் தாழ்த்தியது. சாய்ந்து நின்றதும் மட்டமாகிவிட்டது. பலகை கோணலாக இருக்க, படம் சமர்த்தாக நேராக இருந்தது.

"கள்ளன்," என்றாள்.

"யாரு?" என்றான் தாவீது.

"இந்தப் படந்தான். சரியுறதச் சொல்லும், சரிஞ்சு கெடக்கதச் சொல்லாது. முள்ளு கம்மியாப் பேசும், ஆனா ஆள ஏமாத்தாது. இங்கேருங்க, டாக்சிய எடுங்க. மாட்டுங்காவுல எஞ்சினீயர் சார் வீட்டுக்குப் போணும்."

"இப்பமா? சோறு?"

"பொறவு."

"ராணி, யோசிச்சுக்கோ. நீயாப் போயி சொன்னா உன்னைத்தான் வெளிய அனுப்புவான்."

"அனுப்பட்டும். அந்த பைலட்டுக்கும் வீட்டுல தொட்டில் கெடக்குமா இருக்கும்."

தாவீது பாட்டரியைத் தூக்கினான்.

கோமதிநாயகம் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கதவைத் திறந்து, தாராவிக்காரி ஒருத்தி துணிமூட்டையோடும் அவள் பின்னால் ஒரு டாக்சிக்காரன் தோளில் பிள்ளையோடும் நிற்பதைப் பார்த்தாள். "பழைய துணி இன்னைக்குப் போடலைம்மா," என்றாள்.

"சாரைப் பாக்கணும். பட்டறையில இருந்து."

கோமதிநாயகம் பனியனோடு வந்தார். சகாயராணி உட்காரவில்லை. மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். சாய்வு வேண்டுமென்றே வைத்தது. நான் அதை நிமிர்த்திவிட்டேன். நாளைக்கு அது பறக்கப் போகிறது.

"சுத்துமேஜையில சரியாக் காட்டிச்சேம்மா. நான் பாத்தேனே."

"திரும்புறதுக்குச் சரியாக் காட்டும் சார். சரியுறதுக்குக் காட்டாது. நம்ம மேஜை சரியாதுல்லா?"

அவர் பாட்டரியை மேலே கொண்டுவரச் சொன்னார். மூட்டையிலிருந்த புதுக் கருவியை ஓடவிட்டுக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு பழையதை. மறுபடி புதியதை. அவர் படித்தவர், வேகமாகப் பிடித்துக்கொண்டார். சட்டத்தை எந்தக் கோணத்தில் சாய்த்தால் திருப்பமும் சரிவும் எந்த விகிதத்தில் கலந்து வரும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். சுருள்கம்பியை அவள் ஏன் இறுக்க வேண்டியிருந்தது என்பதற்கும் அதிலேயே விடை வந்தது. நிமிர்ந்து நின்றதால் சக்கரத்துக்குத் திருப்பம் முழுசாகக் கிடைத்திருக்கிறது. சாய்ந்து நின்றால் ஒரு பங்கு குறையும். சகாயராணிக்கு அது புதிது. "ஓ" என்று சொல்லி, அவர் விரலை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கிய மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொல்வாள்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார்.

"கையெழுத்து என்னோடது. தெரியுமா?"

"தெரியும் சார்."

"உனக்கு இந்த மாசம் நிரந்தரம் ஆகணும்."

"அதுவும் தெரியும்."

"சொல்லாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம் சார். நாளைக்குக் காலையில மழை கொட்டுமே, அப்ப நான் எங்க போயி நிப்பேன்?"

கோமதிநாயகம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ஸ்குரூடிரைவர் வச்சிருக்கியா?"

அவள் துணிமூட்டையைத் தட்டிக் காட்டினாள்.

ஜுஹுவில் மழை பிடித்துக்கொண்டது. விமானி கொட்டகையிலேயே இருந்தான், மறுநாள் பயணத்துக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டு. விஷயத்தைக் கேட்டதும் இந்தியில் கத்தினான். பட்டறையா, இரும்புக்கடையா? ஆப்பு வைத்தது யார்?

"நேராக்கச் சொன்னது எங்க மேஸ்திரி. பாத்துட்டு ஒப்புக்கிட்டது நான்," என்றார் கோமதிநாயகம்.

"வெட்டினது நான்," என்றாள் சகாயராணி. பம்பாய் இந்தியில்தான் சொன்னாள். "கத்துறதுன்னா என்கிட்டக் கத்துங்க. ஆனா முதல்ல கழத்த விடுங்க, இருட்டுறதுக்கு முன்னால."

அவன் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டான். அவள் இறக்கையில் ஏறி உள்ளே போய், முழங்கால் போட்டு உட்கார்ந்து, முகப்பிலிருந்து கருவியைக் கழற்றினாள். வாழ்க்கையில் அவள் ஒரு விமானத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. வெளியே பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் பழைய முள்ளை மாட்டினாள். கொண்டுவந்திருந்த புதியதையும் அவன் கையில் கொடுத்து ஓடவிட்டுக் காட்டினாள். அவன் சாய்த்தான், குட்டி விமானம் சாய்ந்தது. அப்படியே பிடித்தான், படம் நேரானது. அவன் முகம் மாறியது.

"எது நல்லது?" என்று கேட்டான்.

"புதுசு முந்திச் சொல்லும். ஆனா படத்தைப் பாத்து, இறக்கை இவ்வளவு சாஞ்சிருக்குன்னு நெனச்சிராதீங்க. அது அதைச் சொல்லல. அது பழகுற வரைக்கும் முள்ளோட போங்க. முள்ளுக்குப் பெரிய பேச்சு தெரியாது."

அவன் சிரித்துவிட்டான். மறுநாள் முள்ளோடுதான் பூனா போனான். மலைக்கு மேலே ஒரே மேகம் என்று திரும்பி வந்து சொன்னான். வேறொன்றும் நடக்கவில்லை. ஆப்பு வைத்த கருவியோடு போயிருந்தாலும் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது. ஓர் உயிரைக் காப்பாற்றியதாக அவளும் ஒருநாளும் சொல்லிக்கொண்டது இல்லை.

பட்டறையில் நஜிமுதீன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டறை முதலாளி விசாரிக்க வந்தபோது அவரே எழுந்து நின்று, "சொன்னது நான். சொன்னதைச் செய்யாட்டி நான் திட்டியிருப்பேன்," என்றார். சகாயராணிக்கு அந்த மாதம் நிரந்தரம் ஆகவில்லை. அடுத்த மழைக்குத்தான் ஆயிற்று. கோமதிநாயகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுற்றுமேஜைக்குப் பக்கத்தில் உத்தரத்தில் ஒரு கொக்கி அடிக்கச் சொன்னார். அதில் ஒரு கித்தான் தொட்டில் தொங்கியது. அதன்பிறகு அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன புது வகைக் கருவி ஒவ்வொன்றும் முதலில் மேஜையில் சுற்றியது, பிறகு தொட்டிலில் ஆடியது. "ராணி, உன் புள்ளைக்குப் பாலு குடுத்தாச்சா?" என்று நஜிமுதீன் கேட்பார். ஆட்டியாகிவிட்டதா என்று அர்த்தம். முன்பின் பார்க்காத சாமான் கோணலாக வந்தால், அன்று அதில் கை வைக்கக் கூடாது என்றும் ஆயிற்று. ஒரு நாள் அப்படியே மேஜையில் கிடக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டதும் நஜிமுதீன்தான்.

பட்டறை மூடும்வரை அவள் அங்கே இருந்தாள். எத்தனையோ வருடம் கழித்து, பயணியாக ஒரே ஒரு தடவை விமானத்தில் போனாள். ஜன்னல் ஓரம். விமானம் கடலுக்கு மேலே நன்றாகச் சரிந்து திரும்பியது. எல்லோரும் கீழே பம்பாயைப் பார்த்தார்கள். அவள் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். இறக்கை அவ்வளவு தாழ்ந்தும் தண்ணீர் கோப்பையின் ஒரு பக்கம் ஏறவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மகளை முழங்கையால் இடித்தாள். "குண்டு நடுவுல நிக்கி பாத்தியா? நல்லா ஓட்டுதான்."

கழற்றிய அன்று அந்த இரண்டு ஆப்புகளும் அவள் முந்தானை முடிச்சில் வீட்டுக்கு வந்தன. தூக்கிப் போடவில்லை. ஒன்று எங்கோ தொலைந்தது. இன்னொன்றை மண்ணெண்ணெய் அடுப்பின் குட்டையான காலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஏரோப்பிளேன் சாமான்ல சமைக்கிற ஒரே வீடு நம்மதுதான்," என்றான் தாவீது.

"இதுக்குத்தான் அது சரி. அடுப்பு சாயக் கூடாது," என்றாள்.

அடுப்பு மாறியது, வீடு மாறியது. ஆப்பு கூடவே வந்தது. கடைசியில் எரிவாயு அடுப்பு மேடையின் மூலையில் கிடந்தது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போய். அடக்கம் முடிந்த மறுவாரம் மகள் அதைச் சுரண்டிக் கழுவினாள். அரம் போன தடம் இன்னும் தெரிகிறது. ஒரு பக்கம்கூடக் கோணவில்லை. நீர்மட்டம் பார்த்துச் செய்தது. தப்பான ஆப்புதான். ஆனால் இதைவிட ஒழுங்காக ஒரு ஆப்பை யாரும் வெட்ட முடியாது.